பதினாறாவது கணினி

"சுவக்கின், பதினாறாவது திரும்பவும் விழுந்திட்டுது. ஓடிப்போய்ப் பாரும்."

நவரட்ணராஜா சேர் சொல்லி முடிப்பதற்குள் உதவியாளன் சுவக்கின் வாசலைத் தாண்டியிருந்தான்.

அம்பிட்டியவிலிருந்த அந்த ஆய்வுநிலையத்தில் சேர் பதினாறு கணினிகளை வயரால் இணைத்து ஒரே இராட்சதக் கணினியாக்கியிருந்தார். மழைக்கு எந்த மலை சரியும் என்று அது கணக்குப் போடும். ஒரு கணினி கேட்டால் மற்றது கண்ணிமைக்கும் முன் பதில் சொல்ல வேண்டும். ஒன்று சுணங்கினாலும் மற்றப் பதினைந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இடம் போதாமல் பதினாறாவதைப் பக்கத்து நூலகத்தில் வைத்தார்கள். பிடித்தது சனியன். தினமும் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் அதன் வயர் கழன்றுவிடும்.

இது மூன்றாவது வயர். சண்டைக் காலத்தில் அதற்கான வயர்ச் சுருளோடு வந்த சேரைக் கடுகண்ணாவைச் சோதனைச்சாவடியில் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். பாவம், தெரிந்த சிங்களம் முழுவதையும் அங்கேயே செலவழித்துவிட்டார்.

நூலகத்தில் கத்தரீனா புத்தகங்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் மெஷின்ல லைட் அணைஞ்சிச்சு. டீ ஊத்தவா?"

வயரைச் செருக வழக்கமாக இருபது நிமிடம் ஆகும். அதில் பத்தொன்பது நிமிடம் டீ. இன்று பத்து மணிக்கு வந்த சுவக்கின் வயரைச் செருகினான், கதிரையில் உட்காரவே இல்லை.

"இன்னைக்கு நாலு மணிக்குள்ள கணக்கு முடியலைன்னா மெஷினையெல்லாம் பிரிச்சுக் குடுத்துருவாங்களாம். அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை? ஊருக்கு, வத்தேகமவுக்கே போக வேண்டியதுதான்."

கத்தரீனா கையிலிருந்த உறையைக் கீழே வைத்தாள்.

மூன்று மணி ஆனது. சேர் முருகனைக் கூப்பிட்டார், சுவக்கின் மாதாவைக் கூப்பிட்டான். வயர் கழலவில்லை. மூன்றே முக்காலுக்குக் கணக்கு முடிந்தது. சேர் அவனைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இனி நீர் எங்கையும் போகத் தேவையில்லை."

தலைகால் புரியாமல் சுவக்கின் நூலகத்துக்கு ஓடினான்.

"இவ்வளவு நாளும் அதை இழுத்துவிட்டது நான்தான்," என்றாள் கத்தரீனா, தரையைப் பார்த்தபடி. "நீங்க வரணும்னுதான். ஆனா ஒன்னு மட்டும் புரியல. மத்த வயரெல்லாம் கிளிப்பை அமுக்காம வராது. இந்த மெஷினுக்குப் போட்ட மூணு வயரும் தொட்டதுமே கையோட வந்துருச்சு."

ஒவ்வொரு வயரையும் மாட்டிய அன்றே தான் உடைத்தெடுத்த மூன்று பிளாஸ்டிக் கிளிப்புகளையும் சுவக்கின் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் மேசையில் வைத்தான்.