பாலத்தருகே குறையும் வேகம்

காண்டாஸ் ஆற்றில் ஜில்வானியாவும் அவள் கணவன் அடைல்டனும் இரட்டையர் படகுப் பந்தயத்துக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். முன்னால் துடுப்பு போடும் அவளுக்கு எரிச்சல் தாளவில்லை. பாலத்தை நெருங்கும்போதெல்லாம் ஜிபிஎஸ் வேகத்தைக் குறைத்தே காட்டியது.

“பாலம் சிக்னலை மறைக்குது” என்று சொல்லி, மணிக்கட்டில் இருந்த கருவியைக் கழற்றிப் படகின் முன்பக்கம் கட்டினாள். விநாடிக்கு ஒருமுறை வேகத்தைப் பதியும்படியும் அமைத்தாள்.

மறுநாளும் குறைந்தது.

“இந்தச் சனியனை ஆத்துல வீசப்போறேன்.”

“அது சரியாத்தான் காட்டுது” என்றான் பின்னாலிருந்த அடைல்டன். “இங்க வந்தா நான்தான் வேணும்னே மெதுவாப் போடுறேன்.”

“ஏன்யா இப்படி என் உயிரை வாங்குற?”

“நீ கருவியையே முறைச்சுட்டு இருக்க. நீ வீட்டை விட்டு விரட்டின நம்ம பொண்ணு தினமும் இந்தப் பாலத்துல வந்து நிக்கிறா. கொஞ்ச நேரம் உன்னைப் பாக்கட்டும்னுதான்.”

ஜில்வானியா துடுப்பை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

மேலே பாலத்தில் மகள் ஜுசாரா தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினாள்.