மூச்சு விடாத கிளாரினெட்

மார்ச் மாதத்து மதிய வெயில் திரைமேல் விழுகிறது. வெலிச்கா ஒரு கையால் அதை மறைத்துக்கொண்டு மறு கையால் மவுஸை நகர்த்துகிறாள். கல்யாண பேண்டின் தலைவன் காமென் நேற்றுக் கீபோர்டில் வாசித்துவைத்த மிடி டிராக் ஏழாம் வரிசையில் இருக்கிறது. எந்தச் சுரம் எப்போது என்று காட்டும் வெறும் பச்சைக் கட்டங்கள்; சத்தம் கிடையாது. அதைக் கணினிக்குள் இருக்கும் கிளாரினெட்டுக்குத் திருப்பிவிட வேண்டும். பின்னால் சோபாவில், இருபது வருஷமாக அந்த பேண்டில் கிளாரினெட் வாசிக்கும் ஸ்தோயில், வாத்தியப் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறான்; அருகே காமென் நிற்கிறான். ஒலிபெருக்கியில் டமடமவென்று டிரம் அதிர்கிறது. "ஐயோ, சேனல் மாறிப்போச்சு." "மெதுவா பண்ணும்மா, நான் எங்கயும் போகல," என்கிறான் ஸ்தோயில், "இன்னும்." அவள் சேனல் எண்ணை மாற்றுகிறாள். இப்போது கிளாரினெட் எழுகிறது. ஸ்தோயிலின் விரல்கள் பெட்டியின் மூடிமேல் தாமாகவே அதைத் தொடர்கின்றன, கன்னம் உப்புகிறது. பாட்டு ஏறுகிறது, சுழல்கிறது, எங்கும் நிற்கவில்லை. அவன் கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்து, கடைசியில் இருமிவிடுகிறான். "இவன் எங்கதான் மூச்சு விடுவான், காமெனண்ணே?" என்று திரையைக் காட்டிக் கேட்கிறான். "விடமாட்டான். ராக்கியா சாராயம் கேட்டுச் சண்டையும் போடமாட்டான். சனிக்கிழமை கல்யாணத்துக்கு இவனே போதும்." கிளாரினெட் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. நீண்ட கடைசிச் சுரம் ஒருவழியாக முடிந்ததும், கரையேறியவன் போல யாரோ பெரிதாக மூச்சு வாங்கும் சத்தம். வெலிச்கா திரும்பிப் பார்க்கிறாள். ஸ்தோயில் அசையவில்லை. அதுவரை தன்னை அறியாமல் மூச்சை அடக்கியிருந்து, இப்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது காமென்.