மிதித்தது யார்?

யேசான் ஊர் சர்வீஸ் சென்டரில், ரைஸ் குக்கரோடு வந்த அரிசி களையும் பிளாஸ்டிக் சட்டியின் துண்டுகளை ஓக்புன் மேஜையில் கொட்டினாள்.

"வாரண்டியில வேற சட்டி குடுங்க."

ஊழியர் கூ துண்டுகளைத் திருப்பிப் பார்த்தார். "இது தானா உடையலம்மா. யாரோ குதிகாலால மிதிச்சிருக்காங்க."

"ஆமா, மிதிச்சதுதான். எப்படி உடைஞ்சாலும் மாத்தித் தருவோம்னு விளம்பரத்துல கத்தினது நீங்கதானே?"

"அதுக்காக வேணும்னே உடைக்கிறதா? வீட்டுல சண்டையா?"

வரிசையில் நின்ற ஒருத்தி சிரித்தாள். "வீட்டுக்காரர் குடிச்சுட்டு வந்திருப்பார். அவரையே வாங்கித் தரச் சொல்லுக்கா!"

ஓக்புன் சீறித் திரும்பினாள். "நாக்கை அடக்கு! என் வீட்டுக்காரர் ஒரு கரண்டியைக்கூட வீசினதில்ல. மிதிச்சது என் மகன்."

"அப்பன் எதிர்லயேவா?" என்றார் கூ.

"அப்பனுக்காகத்தான்! போன வாரம் அவரோட சவப்பெட்டி வாசப்படி தாண்டுறப்போ, நம்ம வழக்கப்படி மிதிச்சு உடைக்கச் சுரைக்குடுக்கை எங்கயும் கிடைக்கல. இதைத்தான் கவுத்து வச்சோம். இப்ப அவருக்குப் படைக்க அரிசி களையணும். சட்டி தருவீங்களா, மாட்டீங்களா?"

சிரித்தவள் தலை குனிந்தாள். கூ எழுந்து நின்றார்.

"ஒரே மிதியில உடைஞ்சுதாம்மா?"

"ஒரே மிதி. தெரு முழுக்கக் கேட்டுச்சு."

"அப்போ அந்தச் சத்தத்துலயே அவர் ஆவி வீட்டைத் திரும்பிப் பார்க்காம நிம்மதியாப் போயிருக்கும்" என்று சொல்லி, புதுச் சட்டியை இரண்டு கைகளாலும் நீட்டினார்.