குளியலறைத் தாழ்ப்பாள்

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு எனக்கு ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம். உள்தையல் ஆறும்வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. எல்லாம் வயிற்றில் போட்ட டியூப் வழியாகத்தான். ஆனால் என்னை இப்போது நடுங்க வைப்பது அதுவல்ல.

என் மனைவி சாப்பிடுவதே இல்லை.

"சாப்பிட்டியா?"

"பசிக்கலைங்க."

எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. மோதிரம் கழன்று விழாமலிருக்க அவள் நூல் சுற்றியிருக்கிறாள்.

இன்று மத்தியானம் டியூபில் பாலை ஊற்றிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். தண்ணீர் கொட்டும் சத்தத்தையும் மீறி இருமல் கேட்டது. புரையேறி மூச்சு முட்டும் இருமல். எனக்கு முதன்முதலில் தொண்டை அடைத்த அன்று, நானும் அவளுக்குக் கேட்காமலிருக்கத் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் இருமினேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கதவைத் தட்டினேன்.

"திற! எத்தனை நாளா இப்படி?"

திறந்தாள். கையில் தட்டு. வாய் நிறைய ரொட்டி.

"உங்களுக்கு டியூப் போட்ட நாள்லேருந்து," என்றாள், அகப்பட்ட திருடியைப் போல. "உங்க கண்ணு முன்னாடி எப்படிங்க மெல்லுவேன்?"

தட்டை வாங்கிப் போய் என் கட்டிலுக்கு எதிரே வைத்தேன்.

"இங்க உட்கார்ந்து சாப்பிடு. மெதுவா. நீ முழுங்கறதை நான் பார்க்கணும்."