கிரகணம் பார்த்த ஃபிலிம்

புருஷன் வெள்ளைத்துரையின் கையில் எக்ஸ்ரே ஃபிலிமைப் பார்த்ததும் ரத்னா மாடிப்படியிலேயே நின்றுவிட்டாள்.

அதை அவள் பீரோவில், கல்யாணப் புடவைக்குக் கீழே விரித்த பழைய பேப்பருக்கும் அடியில் அல்லவா ஒளித்து வைத்திருந்தாள்! பாழாய்ப்போன கிரகணம் அதையும் தோண்டி எடுத்துவிட்டதே.

இரண்டு மாதமாகக் கட்டிக் காத்த ரகசியம். நுரையீரலில் கட்டி, முற்றிவிட்டது, அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த புருஷனிடம், சளிதான் கட்டியிருக்கிறது, ஃபிலிமை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள் என்று அவள் வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். உண்மை தெரிந்தால் மனுஷன் அன்றைக்கே படுத்துவிடுவார். அதுதான் அவளுக்குப் பயம்.

ஃபிலிமின் மூலையில் பேர் எழுதியிருக்கும். இன்னும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

தீபாவளிக்கு மறுநாள் காலை எட்டரை மணி. மயிலாப்பூர் சந்து வீட்டின் மொட்டை மாடியெங்கும் பட்டாசுக் காகிதக் குப்பை. பாதிக் குடித்தனக்காரர்கள் தண்ணீர்ப் பானையில் தர்ப்பையைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மீதிப் பேர் வெள்ளைத்துரையைச் சுற்றி நின்றார்கள்.

ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். ஆனால் மாதம் ஒரு ஞாயிறு கோட்டூர்புரம் கோளரங்கத்துக்குப் போகாவிட்டால் தூக்கம் வராது. சூரியனையும் சந்திரனையும் பற்றிச் சொந்தப் பங்காளிகள் மாதிரி பேசுவார்.

"மொதல்ல வெறும் தூசும் காத்தும்தான். அது சுத்திக்கினே உருண்டு சூரியனாச்சு. மிச்சம் மீதி ஒட்டிக்கினு பூமியாச்சு. அப்பால இன்னொரு கிரகம் வந்து உட்டுது பாரு ஒரு மோது! பூமிலேர்ந்து தெறிச்சுதே, அதான் நிலா. அந்தப் பொடிசு இன்னிக்கு வந்து சூரியனையே மறைக்குது, இன்னா தில்லு பாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ரத்னாவின் கண் ஃபிலிமின் மூலையிலேயே இருந்தது.

ஃபிலிம் கைமாறியது. மாடி வீட்டு ஜானு தூக்கிப் பார்த்துவிட்டு, கடித்து வைத்த அதிரசம் மாதிரி இருக்கிறது என்றாள்.

அடுத்து எதிர் போர்ஷன் அஸ்மத்துன்னிசா வாங்கினாள். ஐயோ, அவள் நர்ஸ் ஆயிற்றே!

சூரியனைப் பார்க்க இவ்வளவு நேரமா? அவள் கையை இறக்கவே இல்லை. பிறகு வெள்ளைத்துரையின் முகத்தைப் பார்த்தபடி அவரிடம் நீட்டினாள். அவர் அவளைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார்.

ரத்னா நடுவில் புகுந்தாள். "குடு மாமா அத. கண்ணு பூடப் போவுது."

"இரு ரத்னா. சூரியனுக்கே பாதி ஆயுசு பூட்ச்சு. அது பாட்டுக்கு எரிஞ்சிக்கினுதான கீது?"

கிரகணம் விட்டதும் ஃபிலிமைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு இறங்கினார். கிரகணத் தீட்டுப் போகத் தலைக்குக் குளிக்க வேண்டும் என்று அவளே விரட்டினாள். குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் ஆணியில் மாட்டியிருந்த சட்டைப் பைக்குள் கையை விட்டு ஃபிலிமை உருவினாள்.

ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்தாள். புடவையைத் தள்ளி, பேப்பரைத் தூக்கினாள்.

அங்கே ஒரு ஃபிலிம் இருந்தது.

அவள் வைத்தது வைத்தபடியே இருந்தது. மூலையில் ஆகஸ்ட் மாதத் தேதி.

கையிலிருந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். வெள்ளைத்துரை, வயது 52. தேதி போன வாரம். வேறு ஏதோ ஆஸ்பத்திரியின் பேர். கட்டி முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

அவளுக்குத் தெரியாமல் தனியாகப் போய் எடுத்திருக்கிறார். தனியாகவே உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

குளியலறையில் அவர் இருமினார். உடனே, அது வெளியே கேட்காதபடி, மடமடவென்று தண்ணீரை ஊற்றிக்கொண்டார். தினமும் இப்படித்தான் ஊற்றுகிறார் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ரத்னா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு ஃபிலிமை அதே மாதிரி சுருட்டி, அவர் சட்டைப் பைக்குள் இருந்த இடத்திலேயே செருகி வைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.