பின்னாலேயே வந்த புள்ளி

“மாமா, மறுபடியும் மறந்துட்டீங்களா?”

எஞ்சின்காரன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே மேலே ஏறி வந்தான்.

சுக்கான் பிடித்திருந்த அக்கா புருஷன் திரும்பவில்லை. “எதை?”

“எதையா? அந்தப் பெட்டியைத்தான்!”

சுக்கானுக்குப் பக்கத்தில் ஏ.ஐ.எஸ். பெட்டி பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. நம் படகு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று சுற்றியிருக்கும் படகுகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்காக வைத்த பெட்டி அது. ஆனால் மீன் இருக்கிற இடம் கிடைத்துவிட்டால் படகுக்காரர்கள் செய்கிற முதல் வேலை, அதில் ஒரு பொத்தானை அமுக்கித் தங்களை மறைத்துக்கொள்வதுதான்.

மாமா மட்டும் மறந்துவிடுவார். ஒரு மாசமாக இதே கதை.

“திரையைப் பாருங்க. வந்துட்டார் உங்க தம்பி.”

திரையில் ஒரு புள்ளி அவர்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அப்பாவின் இரண்டு படகுகளைப் பிரித்த நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் சண்டையைத் தவிர வேறு பேச்சு இல்லை. நல்ல படகு அண்ணனுக்குப் போய்விட்டதாம்.

“நாம வலை இறக்குனா அவரும் ஒட்டிக்கிட்டே இறக்குவார். பாதி மீன் அங்க போகுது. நீங்க கட்டுற மாடி படிக்கட்டோட நிக்குது. அக்கா என்னைத்தான் பிடிச்சு ஏசுது, ‘நீ கூட இருந்து என்னத்தைக் கிழிக்கிறே’ன்னு.”

“உங்க அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

மாமா சுக்கானை அவனிடம் கொடுத்துவிட்டு டீ எடுக்கக் கீழே போனார்.

எஞ்சின்காரன் பொத்தானை அமுக்கினான். அப்பாடா!

இவர்கள் மறைந்தாலும் மற்றவர்கள் திரையில் தெரிவார்கள். தம்பியின் புள்ளி தயங்கியது. வலப்பக்கம் போனது. திரும்பியது. கடைத்தெருவில் அம்மா கையை விட்டுவிட்ட பிள்ளை மாதிரி அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது.

எஞ்சின்காரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மாமா மேலே வந்தார். திரையைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். பொத்தானை அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது.

“மாமா!”

“அவன் படகுல மீன் காட்டுற கருவி கெட்டுப்போய் ஒரு மாசமாச்சு, மாப்ளே. ரிப்பேர்காரர் சொன்னார். இனி ஒரு தடவை வெறுங்கையோட கரைக்குப் போனான்னா படகை வித்துடுவான்.”

எஞ்சின்காரன் திரையையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அதுக்கு, ‘வாடா, மீன் இங்க இருக்கு’ன்னு கூப்பிட வேண்டியதுதானே?”

“நான் கூப்பிட்டா செத்தாலும் வரமாட்டான். என்கிட்ட திருடுறதுன்னா ஓடி வருவான்.”

புள்ளி சட்டென்று திரும்பி நேராக வந்தது.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு வயர்லெஸ்ஸை எடுத்தார்.

“டேய் வெக்கங்கெட்டவனே! எங்க போனாலும் மோப்பம் பிடிச்சுக்கிட்டு வந்துடுவியா?”

“ஏன், கடல் என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா?” தம்பியின் குரல் குஷியாகக் கத்தியது.

“அவனுக்கும் அதே அப்பன்தான்,” என்று முணுமுணுத்தபடி மாமா வயர்லெஸ்ஸை மாட்டிவிட்டு டம்ளரை எடுத்தார்.

“நல்லதுதானே பண்றீங்க? அப்புறம் எதுக்கு மாமா இந்தத் திட்டு?”

மாமா டீயை ஒரு வாய் குடித்தார்.

“திட்டலைன்னா அவனுக்குச் சந்தேகம் வந்துடும்.”