அரை நிமிட ஆறு

தங்கை சுகிர்தாவை ஆறு இழுத்துப்போன பிறகும் என் கேமரா ஸ்டாண்டில்தான் நின்றது. அக்கரைப் பாறைகளில் நுரையைத் தவிர எதுவும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஷட்டரை அரை நிமிடம் திறந்து வைத்தேன்.

“தங்கச்சியத் தேடாம போட்டோவாடி புடிக்கிற?” அம்மா என் முதுகில் அறைந்தாள்.

“ஓடுற தண்ணியெல்லாம் படத்துல பனி மாதிரி ஆயிரும்மா. பாறையப் புடிச்சிட்டு இருந்தா அவ மட்டும் தெரிவா.”

உயிருள்ள உடல் அரை நிமிடம் அசையாமல் இருக்காது, கலங்கலாகத்தான் பதியும் என்பதை நான் சொல்லவில்லை.

படத்தைப் பெரிதாக்கினேன். பாறை இடுக்கில் ஒரு கை இருந்தது. ஐந்து விரல்களும் துல்லியமாகப் பதிந்திருந்தன.

“எம்புள்ள கைதான். எவ்ளோ தெளிவா இருக்கு பாரு.” அம்மா சிரித்துக்கொண்டே ஆட்களைக் கூப்பிட ஓடினாள்.

நான் மறுபடியும் ஷட்டரைத் திறந்தேன். கொஞ்சம் அசைடி, சுகி.